அரசமரத்துக்கும் சோதனைக்குழாய்க்கும் நடுவில் விடுபட்ட படிகள்

2025 நவம்பர் இறுதியில் உலக சுகாதார நிறுவனம் குழந்தையின்மை குறித்த தனது முதல் உலகளாவிய வழிகாட்டு நெறிமுறையை வெளியிட்டது. 40 பரிந்துரைகள் கொண்ட அந்த ஆவணத்தின் அடிப்படைக் கருத்து எளிமையானது: செலவு குறைந்த, எளிய சிகிச்சையில் தொடங்க வேண்டும், அது பயன் தராதபோது அடுத்த படிக்குச் செல்ல வேண்டும். சில நாடுகளில் ஒரே ஒரு முறை செய்யப்படும் ஐவிஎஃப் சிகிச்சைக்கு ஆகும் செலவு, ஒரு குடும்பத்தின் சராசரி ஆண்டு வருமானத்தைப்போல இரு மடங்கு என்றும் அந்த நிறுவனம் சுட்டிக்காட்டியிருக்கிறது.

இதைப் படித்தபோது புதுச்சேரியின் கிராமப்புறம்தான் என் நினைவுக்கு வந்தது. வில்லியனூர், பாகூர் கொம்யூன்களிலிருந்து பேருந்து பிடித்து வந்த மாணவிகளுக்குப் பல ஆண்டுகள் பொருளியல் கற்பித்தவன் நான். அவர்களில் பலர் இன்று முப்பது வயதைக் கடந்தவர்கள். குழந்தை தாமதமான வீடுகளின் வரவு செலவை அவர்கள் வழியாக அறிய நேர்ந்தபோதெல்லாம் ஒரே வரிசைதான் திரும்பத் திரும்பத் தென்பட்டது. முதல் இரண்டு, மூன்று ஆண்டுகள் வேண்டுதல், விரதம், நாட்டு மருந்து. பிறகு, யாரோ ஒரு உறவினர் சொல்லக் கேட்டு நகரத்திலுள்ள தனியார் கருத்தரிப்பு மையம். அதற்காக நகை அடகு, சுயஉதவிக் குழுக் கடன். இவ்விரண்டுக்கும் நடுவில் இருக்கும் எளிய சிகிச்சைப் படிகளில் சிலர் கால் வைத்ததே இல்லை. பலர் பாதியில் இறங்கிவிட்டவர்கள்.

'அரசமரத்தைச் சுற்றிவிட்டு அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்' என்று ஒரு பழமொழி உண்டு. அவசரப்படும் பெண்ணைக் கேலி செய்யும் பழமொழி அது. ஆனால், அவசரப்படாமல் முறையாகச் சிகிச்சை பெறுவதற்கு அந்தப் பெண்ணுக்கு நாம் என்ன ஏற்பாடு செய்து வைத்திருக்கிறோம் என்று எந்தப் பழமொழியும் கேட்பதில்லை.

'நீர்க்கட்டி' என்னும் சொல்

குழந்தையின்மைக்கான காரணங்களில், பெரும்பாலும் எளிதாகக் கண்டறியத்தக்கதும் குறைந்த செலவில் சிகிச்சையைத் தொடங்கத்தக்கதும் ஒன்று உண்டு. அதுதான் சினைப்பையிலிருந்து மாதந்தோறும் கருமுட்டை வெளிவராமல் இருப்பது. மாதவிடாய் நாற்பது, ஐம்பது நாள்களுக்கு ஒருமுறை வருவதும், மாதக்கணக்கில் வராமலே போவதும் அதன் வெளிப்படையான அடையாளங்கள்.

இதற்கு மிகப் பெரிய காரணம் பிசிஓஎஸ் எனப்படும் ஹார்மோன் கோளாறு. நம் பேச்சு வழக்கில் அதற்கு 'நீர்க்கட்டி' என்று பெயர். இந்தப் பெயரே பாதிக் குழப்பத்தை உண்டாக்குகிறது. கட்டி என்றால் அதை அகற்ற வேண்டும், அறுவை சிகிச்சை செய்ய வேண்டும், புற்றுநோயாக மாறிவிடும் என்றெல்லாம் குடும்பங்கள் அஞ்சுகின்றன. உண்மையில், ஸ்கேனில் தெரியும் அந்தச் சிறு வட்டங்கள் முழு வளர்ச்சி அடையாமல் நின்றுபோன முட்டைப் பைகள். அவற்றை அகற்ற வேண்டியதில்லை. அவற்றில் ஒன்று முழுமையாக வளர்ந்து வெடிக்கச் செய்வதே சிகிச்சையின் நோக்கம்.

இது அரிதான கோளாறும் அன்று. 18 முதல் 40 வயது வரையிலான 9,824 பெண்களிடம் இந்தியாவின் பல மாநிலங்களில் நடத்தப்பட்டு 2024-இல் வெளியான ஆய்வு, கடுமையான அளவுகோலின்படி 7.2 விழுக்காட்டினருக்கும், பரந்த அளவுகோலின்படி 19.6 விழுக்காட்டினருக்கும் பிசிஓஎஸ் இருப்பதாகக் கண்டது. உடல் எடை கூடுவது இக்கோளாற்றைக் கூர்மையாக்கும். ஐந்தாவது தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, புதுச்சேரியில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் ஏறத்தாழ 46 விழுக்காட்டினர் கூடுதல் எடையோ உடல் பருமனோ உடையவர்கள். நாட்டிலேயே மிக உயர்ந்த விகிதங்களுள் இது ஒன்று. இதை நகரத்து நோய் என்று ஒதுக்கிவிட முடியாது.

மூன்று வகை, மூன்று வழி

நான் மருத்துவன் அல்லன். ஆயினும், மருத்துவர்கள் பயன்படுத்தும் வகைப்பாட்டைச் சாதாரண வாசகரும் அறிந்திருப்பது பயன் தரும். முட்டை வெளிவராமையை உலக சுகாதார நிறுவனம் மூன்று பிரிவுகளாகப் பார்த்தது.

முதல் பிரிவில், மூளையிலிருந்து சினைப்பைக்குச் செல்ல வேண்டிய ஹார்மோன் கட்டளையே குறைந்துவிடுகிறது. மிகக் குறைந்த எடை, கடும் உடற்பயிற்சி, தொடர்ந்த மன அழுத்தம் ஆகியவை இதற்குக் காரணமாகலாம். உணவையும் எடையையும் மீட்பதே முதல் மருந்து. தேவையானால் ஹார்மோன் ஊசி. இரண்டாம் பிரிவில் கட்டளை செல்கிறது, ஆனால் அதன் சமநிலை குலைந்திருக்கிறது. பிசிஓஎஸ் இதில் அடங்கும். முட்டை வெளிவராத பெண்களில் ஏறத்தாழ 85 விழுக்காட்டினர் இந்தப் பிரிவினர். மூன்றாம் பிரிவில் சினைப்பையின் முட்டை இருப்பே வயதுக்கு முன்பு தீர்ந்துவிடுகிறது. அங்கே முட்டையை வளர்க்கும் மாத்திரைகளால் பலன் இல்லை. முட்டைக் கொடை, தத்தெடுப்பு ஆகியவற்றைப் பற்றித்தான் பேச வேண்டியிருக்கும். இவை தவிர, தைராய்டு குறைபாடும், புரோலாக்டின் ஹார்மோன் மிகுதியும் முட்டை வெளிவருவதைத் தடுக்கலாம். அவற்றைச் சரிசெய்தாலே பல பெண்களுக்கு மாதச் சுழற்சி திரும்பிவிடும்.

எந்தப் பிரிவு என்று தெரியாமல் கொடுக்கப்படும் மருந்து, முகவரி இல்லாத கடிதம். அதைத் தெரிந்துகொள்ளச் சில இரத்தப் பரிசோதனைகளும் ஒரு ஸ்கேனும் பொதுவாகப் போதும்.

பெரும்பான்மையினரான இரண்டாம் பிரிவினருக்குச் சிகிச்சைப் படிகள் தெளிவாக வரையறுக்கப்பட்டுள்ளன. கூடுதல் எடை உள்ளவர்கள் 5 முதல் 10 விழுக்காடு வரை எடையைக் குறைத்தாலே சிலருக்கு முட்டை தானாக வெளிவரத் தொடங்கும். அடுத்தது, மாதவிடாய் தொடங்கிய முதல் சில நாள்களில் ஐந்து நாள் உட்கொள்ளும் மாத்திரை: லெட்ரோசோல் அல்லது குளோமிபீன். நீரிழிவுக்குத் தரப்படும் மெட்ஃபார்மினும் சிலருக்குச் சேர்த்துத் தரப்படுகிறது. மாத்திரைக்கு முட்டை வளராதபோது, நெருங்கிய கண்காணிப்புடன் ஹார்மோன் ஊசி, அல்லது லேப்ராஸ்கோப் மூலம் சினைப்பையில் நுண்துளையிடும் சிகிச்சை. இவையும் பலன் தராவிட்டால்தான் ஐவிஎஃப். கருக்குழாய் அடைப்பு, கணவருக்குக் கடுமையான விந்தணுக் குறைபாடு போன்ற வேறு காரணங்கள் இருந்தால் நேராக மேல் படிக்குச் செல்வதில் தவறில்லை. அத்தகைய காரணம் இல்லாத பெண், கடைசிப் படியில் தொடங்க நேர்வதுதான் பிழை.

ஒரு மாத்திரையின் கதை

லெட்ரோசோலின் வரலாறு இந்திய மருந்துக் கொள்கைக்கு ஒரு பாடம். மாதவிடாய் நின்ற பெண்களின் மார்பகப் புற்றுநோய்க்காக உருவாக்கப்பட்ட மருந்து அது. உடலில் ஈஸ்ட்ரோஜன் உருவாவதைத் தற்காலிகமாகக் குறைப்பதால், மூளை விழித்துக்கொண்டு முட்டையை வளர்க்கும் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. இந்த விளைவுதான் மகப்பேறு மருத்துவர்களுக்குப் பயன்பட்டது.

2005-இல் ஒரு மருத்துவ மாநாட்டில் வாசிக்கப்பட்ட ஆய்வுச் சுருக்கம், இம்மருந்தால் பிறவிக் குறைபாடு ஏற்படக்கூடும் என்ற அச்சத்தைக் கிளப்பியது. மறு ஆண்டே 911 குழந்தைகளைப் பற்றிய கனடிய ஆய்வு அந்த அச்சத்துக்கு ஆதாரம் இல்லை என்றது. ஆயினும், 2011 அக்டோபரில் இந்திய அரசு குழந்தையின்மைச் சிகிச்சைக்கு லெட்ரோசோலைப் பயன்படுத்துவதைத் தடைசெய்தது. தடை நீடித்த காலத்தில்தான், 2014-இல், பிசிஓஎஸ் உள்ள 750 பெண்களிடம் அமெரிக்காவில் நடந்த ஆய்வு 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் வெளியாயிற்று. ஐந்து சுழற்சிகள் வரையிலான சிகிச்சையில், லெட்ரோசோல் உட்கொண்டவர்களில் 27.5 விழுக்காட்டினருக்கும் குளோமிபீன் உட்கொண்டவர்களில் 19.1 விழுக்காட்டினருக்கும் குழந்தை பிறந்தது. இந்தியாவில் தடை 2017-இல் நீக்கப்பட்டது. 2023-ஆம் ஆண்டின் சர்வதேச பிசிஓஎஸ் வழிகாட்டி நெறிமுறை, முட்டை வெளிவராமைக்கு முதல் மருந்தாக லெட்ரோசோலையே பரிந்துரைக்கிறது.

தடை போனாலும் அச்சம் போகவில்லை. மருந்துடன் வரும் தாளில் 'மார்பகப் புற்றுநோய்' என்ற சொல்லைப் பார்த்ததும் மாத்திரையை நிறுத்திவிடும் பெண்கள் உண்டு. மருந்தை எழுதித் தருபவர் இரண்டு நிமிடம் விளக்கினால் தீரக்கூடிய அச்சம் இது. அந்த இரண்டு நிமிடம்தான் கூட்டம் நிறைந்த புறநோயாளர் பிரிவில் கிடைப்பதில்லை.

27.5 விழுக்காடு என்பதை மிகைப்படுத்தவும் கூடாது. நான்கில் மூவருக்கு ஐந்து சுழற்சிகளுக்குள் குழந்தை பிறக்கவில்லை என்பதும் அதே ஆய்வின் செய்திதான். இரட்டைக் குழந்தை உண்டாகும் வாய்ப்பும் மாத்திரையால் சற்றுக் கூடும். மருத்துவரின் கண்காணிப்பு இல்லாமல் கடையில் வாங்கி உட்கொள்ளும் மருந்து இது அன்று. ஆனால் பொருளியல் நோக்கில் கணக்கு தெளிவானது. சில நூறு ரூபாய் மாத்திரையால் நால்வரில் ஒருவருக்கு மேல் பலன் கிடைக்குமானால், லட்ச ரூபாயைத் தாண்டும் சிகிச்சைக்கு முன்பு அந்த வாய்ப்பை எல்லோருக்கும் முறையாக அளித்துவிட வேண்டும். தோற்றாலும் இழப்பு சிறிது. வென்றால் ஒரு குடும்பம் கடனிலிருந்து தப்புகிறது.

மாத்திரையின் விலையும் வருகையின் விலையும்

மருந்து இவ்வளவு மலிவு என்றால் தடை எங்கே? மாத்திரையின் விலையை மட்டும் பார்ப்பவர்கள் இங்கேதான் தவறுகிறார்கள்.

முட்டை வளர்கிறதா என்று அறிய ஒரே சுழற்சியில் இரண்டு, மூன்று முறை ஸ்கேன் எடுக்க நேரிடும். பாகூர்ப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து புதுச்சேரி நகரம் ஏறத்தாழ இருபது கிலோமீட்டர். வயல் வேலைக்கோ, தொழிற்பேட்டைக்கோ செல்லும் பெண்ணுக்கு ஒவ்வொரு வருகையும் ஒரு நாள் கூலி இழப்பு. கணவரும் உடன் வந்தால் இரண்டு நாள் கூலி. பேருந்துக் கட்டணம், சாப்பாடு, மேற்பார்வையாளரிடம் விடுப்புக்குச் சொல்ல வேண்டிய பொய் ஆகியவை தனி. ஆறு சுழற்சிகள் தொடர்ந்து இப்படி அலைய வேண்டும் என்றால், இலவச மருத்துவமும் இலவசமாக இருப்பதில்லை. மூன்றாவது மாதத்தில் நின்றுவிடும் பெண்ணைப் பொறுப்பற்றவள் என்று சொல்வது எளிது. அவள் தன் வரவு செலவுக் கணக்கைச் சரியாகவே போட்டிருக்கிறாள்.

தனியார் கருத்தரிப்பு மையத்தின் கவர்ச்சியும் இங்கேதான் இருக்கிறது. எல்லாம் ஓரிடத்தில், ஒரே தொகையில், தவணையிலும் கிடைக்கும் என்கிறது அது. வாங்குபவருக்குத் தெரியாத செய்தி விற்பவருக்குத் தெரிந்திருக்கும் சந்தையில், விலை உயர்ந்த பொருளே முதலில் விற்கும் என்பது பொருளியலின் தொடக்கப் பாடம். தனக்கு எந்தப் பிரிவுக் கோளாறு, இதுவரை எத்தனை சுழற்சி மருந்து உட்கொண்டேன், எத்தனையில் முட்டை வெளிவந்தது என்ற எழுத்துக் குறிப்பு கையில் இல்லாத பெண், அந்தச் சந்தையில் பேரம் பேசும் வலிமையற்றவள்.

புதுச்சேரியில் மருத்துவர் பஞ்சம் என்று யாரும் சொல்ல முடியாது. கோரிமேட்டில் ஜிப்மர், கதிர்காமத்தில் இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி, எல்லைப்பிள்ளைச்சாவடியில் ராஜீவ் காந்தி அரசு மகளிர் மற்றும் குழந்தைகள் மருத்துவமனை ஆகியவை நகரை ஒட்டி இருக்கின்றன. பாகூர் கொம்யூன் எல்லைக்குள்ளேயே கிருமாம்பாக்கத்திலும் பிள்ளையார்குப்பத்திலும் தனியார் மருத்துவக் கல்லூரிகள் உள்ளன. குறைவாக இருப்பது, இவற்றுக்கும் கிராமத்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் இடையே ஒரு ஒழுங்கான பாதை.

கணவரும் வர வேண்டும்

குழந்தையின்மைக்கான காரணங்களில் ஏறத்தாழ பாதியில், தனித்தோ மனைவியின் காரணத்தோடு சேர்ந்தோ, ஆணின் பங்கும் இருக்கிறது. மனைவிக்கு முட்டை வளர மாத்திரை கொடுப்பதற்கு முன்பே கணவருக்கு விந்துப் பரிசோதனை செய்துவிட வேண்டும் என்பது மருத்துவத்தின் எளிய விதி. இரண்டு மணி நேரத்தில் முடியக்கூடிய, வலி இல்லாத, விலை குறைந்த சோதனை. இருந்தும், மனைவி ஓராண்டு மருந்து உட்கொண்ட பின்பும் சோதனைக்கு வராத கணவர்கள் இருக்கிறார்கள். 'விசேஷம் ஏதாவது உண்டா?' என்ற கேள்வி திருமண வீடுகளில் மனைவியிடம் மட்டுமே கேட்கப்படுவதன் தொடர்ச்சி இது. மறுமணப் பேச்சு எழுவதும் அவளைச் சுற்றித்தான்.

இதைவிட முன்னதாகவே தொடங்கும் புறக்கணிப்பும் உண்டு. கல்லூரிப் பருவத்திலேயே மாதவிடாய் ஒழுங்கற்று இருக்கும் மகளுக்கு, 'கல்யாணம் ஆனால் சரியாகிவிடும்' என்பதே பல வீடுகளில் மருத்துவம். மணமாகாத பெண் மகப்பேறு மருத்துவரைப் பார்க்கச் சென்றால் ஊர் பேசும் என்ற அச்சம் அதன் பின்னால் இருக்கிறது. மாதக்கணக்கில் மாதவிடாய் வராமல் இருப்பதால் கருப்பையின் உட்சுவர் தடித்து, பிற்காலத்தில் புற்றுநோய் அபாயம் கூடலாம்; பிசிஓஎஸ் உள்ளவர்களுக்கு நீரிழிவு அபாயமும் அதிகம். குழந்தை வேண்டும் என்று நினைக்காத பெண்ணுக்கும் இதற்குச் சிகிச்சை தேவை. ஒரு பெண்ணின் உடல்நலம் அவள் தாயாகும்போதுதான் கணக்கில் வர வேண்டும் என்பதில்லை.

கொள்கையின் இரு முனைகள்

1952-இல் தேசிய அளவில் குடும்பக் கட்டுப்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கிய முதல் நாடு இந்தியா. கருத்தடைக்கான சேவையை நாட்டின் கடைக்கோடிக் கிராமம் வரை கொண்டு சென்ற சாதனை நம்முடையது. கருத்தரிக்க விரும்பும் தம்பதிக்கு அதே கட்டமைப்பில் இடம் இல்லாமல் போனது அதன் மறுபக்கம். மக்கள்தொகையும் மேம்பாடும் குறித்த 1994 கெய்ரோ மாநாடு, குழந்தையின்மைக்கான சிகிச்சையை இனப்பெருக்க நலச் சேவையின் பகுதியாக ஏற்றது. முப்பது ஆண்டுகள் கடந்தும், கிராம அளவில் அது காகிதத்தைத் தாண்டவில்லை.

ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டம் உள்நோயாளிச் சிகிச்சைக்கானது. கருத்தரிப்புச் சிகிச்சை அதன் விலக்குப் பட்டியலில் இருக்கிறது. மாத்திரையும் ஸ்கேனும் புறநோயாளிச் சேவைகள் என்பதால், முட்டை வெளிவராத பெண்ணுக்கு அந்தக் கதவு இரண்டு முறை மூடப்படுகிறது. 2021-இல் இயற்றப்பட்ட உதவி இனப்பெருக்கத் தொழில்நுட்பச் சட்டம் ஐவிஎஃப் மையங்களை ஒழுங்குபடுத்துகிறது. அதற்கு முந்தைய படிகளைப் பற்றிப் பேசுவது அதன் வேலை அன்று. கோவா அரசு 2023-இல் அரசு மருத்துவக் கல்லூரியில் இலவச ஐவிஎஃப் சேவையைத் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் சென்னை எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனையில் செயற்கைக் கருத்தரிப்பு மையம் வந்திருக்கிறது. இரண்டும் வரவேற்கத்தக்கவை. ஆனால் மாடியை மட்டும் கட்டிவிட்டுப் படிக்கட்டை மறந்துவிடக் கூடாது.

2024 அக்டோபரில் ஆந்திர முதல்வர் சந்திரபாபு நாயுடுவும் தமிழக முதல்வர் மு.க. ஸ்டாலினும் குழந்தைகளின் எண்ணிக்கை குறித்துப் பேசியது நாடு முழுவதும் விவாதமாயிற்று. தொகுதி மறுவரையறை பற்றிய தென்மாநிலங்களின் கவலை அதன் பின்னணி. புதுச்சேரியின் மொத்தக் கருவுறுதல் விகிதமும் 1.5 என்ற அளவுக்கு இறங்கிவிட்டது. மக்கள்தொகை எண்ணிக்கைக்காகப் பெண்கள் பிள்ளை பெற வேண்டும் என்ற வாதத்தில் எனக்கு உடன்பாடு இல்லை. எத்தனை குழந்தை, எப்போது, வேண்டுமா வேண்டாமா என்பது அவர்கள் முடிவு. ஆனால், குழந்தை வேண்டும் என்று தாங்களே விரும்பி, ஒரு மாத்திரைக்கும் ஒரு ஸ்கேனுக்கும் வழி தெரியாமல் நிற்கும் பெண்கள் இருக்கும்போது, வேண்டாதவர்களிடம் பேசுவதில் என்ன பொருள்?

என்ன செய்யலாம்?

பெரும் நிதி தேவைப்படாத சில ஏற்பாடுகளைப் புதுச்சேரி அரசு உடனே செய்ய முடியும். பரப்பளவில் சிறிய ஒன்றியப் பிரதேசமாக இருப்பது இதில் வசதியே.

முதலாவது, ஒவ்வொரு கொம்யூனிலும் ஒரு அரசு சுகாதார மையத்தில் வாரம் ஒரு நாள், மாலை நேரத்தில், தம்பதியர் இருவரும் சேர்ந்து பதிவுசெய்யும் ஆலோசனைப் பிரிவு. மாலை நேரம் என்பது முக்கியம். கூலி இழப்பைத் தவிர்ப்பது அதுதான்.

இரண்டாவது, தைராய்டு, புரோலாக்டின், சர்க்கரை, விந்துப் பரிசோதனை, ஸ்கேன் ஆகியவை அடங்கிய ஒரே பரிசோதனைத் தொகுப்பு. மாதிரிகளை அங்கேயே சேகரித்து நகரத்து ஆய்வகத்துக்கு அனுப்பலாம். பெண் அலைய வேண்டியதில்லை.

மூன்றாவது, குளோமிபீனும் லெட்ரோசோலும் அந்த மையங்களின் மருந்து இருப்பில் எப்போதும் இருக்க வேண்டும். குளோமிபீன் உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலிலும் இந்தியாவின் பட்டியலிலும் உள்ள மருந்து. நிபுணரின் மேற்பார்வையை இ-சஞ்சீவனி தொலைமருத்துவம் வழியாகவோ, மருத்துவக் கல்லூரிகளின் சுழற்சி வருகை மூலமாகவோ பெறலாம்.

நான்காவது, தம்பதியின் கையில் ஒரு சிகிச்சைக் குறிப்பேடு. கர்ப்பிணிகளுக்குத் தாய்-சேய் அட்டை இருப்பதுபோல, எந்தப் பிரிவு, என்ன மருந்து, எத்தனை சுழற்சி, என்ன விளைவு என்பவை அதில் இருக்கட்டும். எப்போது மேல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும் என்பதும் எழுதப்பட்டிருக்க வேண்டும். முப்பத்தைந்து வயதைக் கடந்தவர்களைக் கீழ்ப்படியில் நீண்ட நாள் நிறுத்திவைப்பதும் அநீதிதான். அவர்களுக்குக் காலமே பெரிய செலவு.

இவற்றைக் கேட்டுப் பெற வேண்டியவர்கள் மக்கள் பிரதிநிதிகள். புதுச்சேரியில் உள்ளாட்சித் தேர்தல் 1968-க்குப் பிறகு 2006-இல்தான் நடந்தது. 2011-இல் அந்தப் பதவிக்காலம் முடிந்த பின்பு கொம்யூன் பஞ்சாயத்துகள் அதிகாரிகளின் பொறுப்பிலேயே இருக்கின்றன. சாலையும் விளக்கும் வேண்டும் என்றால் ஊரே திரண்டு மனு கொடுக்கும். குழந்தையின்மைக்கு யாரும் மனு கொடுப்பதில்லை. அது நான்கு சுவருக்குள் வைத்து மறைக்கப்படும் துயரம். குரல் எழாத தேவையைச் சந்தையும் அரசியலும் எளிதில் மறந்துவிடும். அதை நினைவில் வைத்திருக்க வேண்டிய கடமை நிர்வாகத்துக்கு உண்டு.

வேண்டுதல் செய்பவர்கள் செய்யட்டும். அது அவரவர் நம்பிக்கை. ஐவிஎஃப் தேவைப்படுபவர்களுக்கு அதுவும் கிடைக்கட்டும். நடுவில் இருக்கும் படிகளை வில்லியனூரிலும் பாகூரிலும் கட்டித் தருவது மட்டுமே அரசிடம் நாம் கேட்பது. அடகுக் கடையின் படியை மிதிப்பதற்கு முன்பு ஒரு பெண் மிதிக்க வேண்டிய படிகள் அவை.